கடைசி வரிசைக்கு எட்டாத குரல்

ஜனவரி 9

தங்கச்சிக்கு,

போன் செய்யாதீர்கள், செய்தால் எடுக்க மாட்டேன், அவசியமென்றால் எழுதுங்கள் என்று நீ போட்ட உத்தரவுப்படி எழுதுகிறேன். மகாராணி இதைக் கிழித்துப் போடலாம். படித்துவிட்டுக் கிழி. விஷயம் இருக்கிறது.

நம் குழுவின் பழைய மைக் செத்துவிட்டது. (பழக்கத்தில் நம் குழு என்று எழுதிவிட்டேன். என் குழு.) கீபோர்டுக்காரன் ஒரு வரவேற்பு மேடையில் ஒயர் தடுக்கி விழுந்தான். மைக் தரையில், அவன் மைக்கின் மேல். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதுதான் வருத்தம்.

அடுத்த மாதம் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு விழா. பெரிய மண்டபம். பாப்பா முதல் தடவையாக மேடை ஏறுகிறாள். கல்லூரி முடிக்கப் போகிறவளைப் பாப்பா என்று கூப்பிடாதீர்கள் என்கிறாள். வேறு எப்படிக் கூப்பிடுவது? அவளுக்குப் பெற்ற அப்பன் குரல் வந்திருக்கலாம். உன் குரல் வந்து தொலைத்திருக்கிறது. அதே மெலிசு, அதே இழுப்பு. பக்கத்தில் நான் நின்று தூக்கி நிறுத்த வேண்டும். அதற்கு ஒரு நல்ல மைக் தேவை.

அதோடு, என் பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்து வெளியிடச் சொல்லி ரசிகர்கள் நச்சரிக்கிறார்கள். அதற்கும் ஒரு மைக் வேண்டும். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். நீ நாள் முழுக்க அலமாரி மாதிரி ஓர் அறைக்குள் உட்கார்ந்து மைக்கோடு பேசிக்கொண்டிருப்பவள். தையல் மெஷின் கையேடு முதல் லிப்ட் வரை குரல் கொடுக்கிறாயாமே, அண்ணி சொன்னாள். "கதவுகள் மூடுகின்றன." ஆகா, என்ன பாவம், என்ன பிருகா! குரல் எட்டாதவர்களுக்குத்தானே மைக்கைப் பற்றிய ஞானம் அதிகம் தேவைப்படும். ஆகவே உன்னைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கம்பீரக் குரலோன் (உன் அண்ணன்)


ஜனவரி 17

அண்ணனுக்கு,

"கம்பீரக் குரலோன்" என்பது ஒரு செருப்புக் கடைத் திறப்பு விழாவில், மின்சாரம் போன நேரத்தில், கடை முதலாளி உங்களுக்குச் சூட்டியது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அதை என்னிடமே கையெழுத்தாகப் போட உங்களுக்கு எப்படி மனம் வருகிறது என்று தெரியவில்லை.

மைக் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டுக்கும் ஒன்று போதாது.

மேடைக்கு டைனமிக் மைக். கையில் பிடித்துப் பாடுகிற சாதாரண வகை. அதன் குணம் உங்கள் குணம்தான்: வாய்க்கு நேரே வருவதைத் தவிர வேறு எதுவும் அதன் காதில் விழாது. பக்கத்து டிரம், எதிரே இருக்கும் ஸ்பீக்கர், கூட்டத்தின் சலசலப்பு எதையும் சட்டை செய்யாது. அதனால்தான் மேடையில் ஊளையிடாமல் இருக்கும். உதட்டுக்கு அருகே வைத்துப் பாட வேண்டும். கம்பி வலையை முஷ்டியால் மூடிப் பிடிக்கக் கூடாது. நீங்கள் அப்படித்தான் பிடிப்பீர்கள், ஐஸ்கிரீமை யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிற மாதிரி. மூடிப் பிடித்தால் சத்தம் கெட்டுப்போகும், ஊளையும் வரும்.

அறையில் பதிவு செய்யக் கண்டென்சர் மைக். அது எல்லாவற்றையும் கேட்கும். மின்விசிறி, நாற்காலி, வயிறு உறுமுவது, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார். நான் வேலை செய்யும் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிந்தபடிதான் படிக்கிறேன். வளையல்கூடப் போடுவதில்லை. அதனிடம் எதையும் மறைக்க முடியாது, ஆகவே உங்களுக்கு அது ஒத்துவராது. கட்டாயம் வேண்டுமென்றால் ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு, வாய்க்கு முன்னால் மூச்சுக் காற்றைத் தடுக்கத் துணி வளையம் வைத்து, வீட்டில் மட்டும் பயன்படுத்துங்கள்.

கடைக்குப் பாப்பாவைக் கூட்டிப் போங்கள். ஒரே பாட்டை மூன்று நான்கு மைக்குகளில் பாடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேளுங்கள். பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். உங்களுக்குப் பொருந்துவது அவளுக்குப் பொருந்தாது.

என் குரலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். குழுவில் எல்லோர் முன்னாலும், "உன் குரல் கடைசி வரிசைக்கு எட்டலை. மேடை உனக்குச் சரிப்படாது" என்று நீங்கள் சொன்னதை நான் இன்றும் மறுக்கவில்லை. எட்டவில்லை, அது உண்மை. நான் வீட்டை விட்டு வந்தது அந்த உண்மைக்காக அல்ல. ஒப்பனை அறையில், வாத்தியக்காரர்கள் தின்றுகொண்டிருக்கையில், வாயில் பிஸ்கட்டோடு நீங்கள் அதைச் சொன்ன விதத்துக்காக.

கடைசி வரிசைக்கு எட்டாதவள்


ஜனவரி 28

தங்கச்சிக்கு,

உன் பிரசங்கம் கிடைத்தது. மைக் கேட்டால் குணச் சான்றிதழ் அனுப்புகிறாய்.

நீ சொன்னபடியே பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அவள் ஏதோ ஒரு சாதாரண கறுப்பு மைக்கை எடுத்துப் பாடினாள். பில் போடுகிற பெண், பெட்டி தூக்குகிறவர், வாசலில் நின்ற காவலாளி எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். வாடிக்கையாளர் வீட்டுப் பெண் என்ற மரியாதை. கடைக்காரர் மட்டும் வியாபாரத்தை மறந்துவிட்டு, "இந்தக் குரலுக்கு இதுவே போதும் சார், வேற எதுவும் வேணாம்" என்றார். விற்கத் தெரியாத மனிதர். சரி, தொலையட்டும் என்று அதையும் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு எனக்கு உரியதைப் பார்த்தேன். மரப் பெட்டிக்குள் பட்டுத் துணி, துணிக்குள் தங்க நிற வலை. கண்டென்சர். பெரிய பதிவு நிலையங்களில் தொங்குமே, அந்த ஜாதி. மேடையில் அதைத் தாங்கியில் நிறுத்திவைத்து, கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நான் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். ஊரில் எவனிடமும் இல்லை. மேடைக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான். நல்லது எங்கேயும் நல்லதுதானே?

வீட்டில் முதல் பதிவு சுமாராக வந்தது. நான் வழக்கம் போல மைக்கின் தலையைப் பார்த்துப் பாடியிருக்கிறேன். அதற்கு முகம் பக்கவாட்டில் இருக்கிறதாம். பாப்பா வந்து திருப்பிவிட்டாள். எது முகம் எது முதுகு என்று எழுதி ஒட்டக் கூடாதா? இரண்டாவது பதிவில் என் குரல் பிரமாதம். ஆனால் சரணத்துக்கு நடுவில், சமையலறையில் அண்ணி பக்கத்து வீட்டுக்காரியிடம், "கொஞ்சம் பொறுங்க, இந்தக் கூத்து முடியட்டும், அப்புறம் மிக்ஸி போட்டுத் தர்றேன்" என்று சொன்னது துல்லியமாக விழுந்திருக்கிறது. அந்த விசாரணை தனியாக நடந்துகொண்டிருக்கிறது.

விழா பதினான்காம் தேதி. வயிறு எரிந்துகொண்டிரு.

அண்ணன்


பிப்ரவரி 4

அண்ணனுக்கு,

அதை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். மூன்றாவது தடவை சொல்ல மாட்டேன். மூடிய இரண்டு கதவுகளுக்கு அப்பால் இருந்த அண்ணியின் மனசே அதில் விழுந்திருக்கிறது. மண்டபத்தில் என்னென்ன விழும் என்று கொஞ்சமாவது யோசியுங்கள். நீங்கள் யோசிக்க மாட்டீர்கள். தங்க நிறம் கண்ணை மறைக்கிறது.

என் வயிறு எரியவில்லை. எனக்கு வேறு கவலை. நேற்றுப் பாப்பா போன் செய்தாள். "அத்தை, உங்க குரல் மாதிரி என்னுதும் எட்டாமப் போயிடுமா?" என்று கேட்டாள். எட்டாமல் போனவளிடம் போய்க் கேட்கிறாள். "எட்டலைன்னா இறங்கி வந்துடு, கெஞ்சிக்கிட்டு நிக்காதே" என்றேன். வைத்த பிறகு எனக்கே அழுகை வந்தது. அந்தக் குரலை நான் போனில் கேட்டிருக்கிறேன். அது எட்டாவிட்டால் எந்தக் குரல்தான் எட்டும்?

விழா எப்படி நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். உங்களைப் பற்றி வேண்டாம். அவளைப் பற்றி.

தங்கச்சி


பிப்ரவரி 16

தங்கச்சிக்கு,

பாப்பா உன்னிடம் ஏதாவது சொல்வதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேள். அவள் விழா முடிந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. உன் காதில் நன்றாக ஓதுவாள்.

எல்லாம் அந்த மைக்கால் வந்த வினை. முதல் பாட்டிலேயே மண்டபமே காதைப் பொத்துகிற அளவுக்கு ஊளை. நம் பழைய மைக்செட்காரர் மேடையில் எங்கள் பக்கம் திருப்பியிருந்த ஸ்பீக்கர்களை எல்லாம் கவிழ்த்துவைத்து, எதையோ திருகி ஒருவழியாக அடக்கினார். "அண்ணே, இது வீட்டு மைக்கு, தள்ளி நின்னா எட்டாது, அதனால ரொம்ப ஏத்தி வெச்சிருக்கேன். பாத்துக்கங்க" என்றார். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மரமண்டை விளக்கிச் சொன்னாரா? இல்லை.

மூன்றாவது பாட்டு பாப்பாவும் நானும் சேர்ந்து பாடுவது. அவள் கையில் அந்தக் கறுப்பு மைக். பல்லவியிலேயே என்னை முந்த ஆரம்பித்துவிட்டாள். முன் வரிசையில் சங்கத் தலைவர் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். புல்லாங்குழல் தனியாகப் போகிற இடம் வந்தது. நான் மைக்கிலிருந்து விலகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த மைக்செட்காரரிடம் மெதுவாக, ஒரு குழுத் தலைவன் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"பாப்பாவோடதைக் கொஞ்சம் இறக்குங்க. தங்கச்சிக்கு வைப்போமே, அந்த அளவுக்கு."

பழைய மைக்காக இருந்தால் ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் தெரிந்ததில்லையே! இந்தத் துரோகி அதை வாங்கி மண்டபம் முழுக்க ஒலிபரப்பிவிட்டது. புல்லாங்குழல்காரன் ஊதுவதை நிறுத்திவிட்டான். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "ஏன் இறக்கணும்? ஏத்துங்க!" என்று கத்தினான். கைதட்டல் வேறு. மைக்செட்காரர், என் உப்பைத் தின்ற மனிதர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏற்றினார்.

அவள் சரணத்தைத் தனியாகப் பாடி முடித்தாள். என் மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டதாம்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஒரு குழுவுக்கு ஒரு குரல்தான் முன்னால் நிற்க வேண்டும். அதை யாராவது ஒழுங்கு செய்துதானே ஆக வேண்டும். அது தொழில். உன் மேல் எனக்கு விரோதமா என்ன?

அண்ணன்


பிப்ரவரி 23

உனக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதத்தை நின்றபடி படித்தேன். பிறகு மைக்செட்காரருக்குப் போன் செய்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆமாம்மா, பாட்டு ஆரம்பிச்சதும் அண்ணன் சுண்டு விரலைக் காட்டுவாரு. நான் உங்க குமிழைப் பாதிக்கு இறக்கிடுவேன். மேடையில உங்க பக்கத்து ஸ்பீக்கர்ல மட்டும் முழுசா வெக்கச் சொல்லுவாரு. உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நெனச்சேம்மா."

எவ்வளவு யோசித்திருக்கிறாய்! எனக்கு முழுக் குரல், ஊருக்குப் பாதிக் குரல். நான் பாடும்போது எனக்கே கணீரென்று கேட்கும். இறங்கி வந்தால் நீ உதட்டைப் பிதுக்குவாய். "எட்டலை." என் காது பொய் சொல்கிறது, அண்ணன் சொல்வதுதான் மெய் என்று நம்பினேன்.

எட்டவில்லை என்று வெந்நீராகக் குடித்தேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நின்று, குளியலறையில் சாதகம் செய்தேன். தொண்டை டாக்டரிடம் போனேன். அவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "உனக்கு ஒரு குறையும் இல்லையேம்மா" என்றார். அவருக்குச் சங்கீதம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். தெரியாதது எனக்கு. என் கூடப் பிறந்தவனை எனக்குத் தெரியவில்லை.

எட்டாதது என் குரல் இல்லை. மற்றவர் குரல் கேட்டால் உனக்குக் கிலி. அவ்வளவு கம்பீரமான குரலுக்கு, பக்கத்தில் நிற்கிற ஒரு பெண்ணைப் பாதியாகக் குறைத்தால்தான் நிற்க முடிந்திருக்கிறது. இப்போது பெற்ற மகளையும் அதே அளவுக்கு இறக்கச் சொன்னாய். அளவு ஞாபகம் வைத்திருக்கிறாய் பார், அதற்கு உன்னைப் பாராட்ட வேண்டும்.

எனக்கு உன்னை நினைத்தால் கோபம்கூட வரவில்லை. அருவருப்பாக இருக்கிறது.

பாப்பா இங்கே வருகிறாள். அண்ணியே ரயில் ஏற்றிவிடுகிறாள். நீ எழுத வேண்டாம்.


மார்ச் 12

தங்கச்சிக்கு,

நீ என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து நீங்கள், வாங்க, போங்க என்று சொன்ன வாய். அருவருப்பு என்றுகூட எழுதியிருக்கிறாய், அது போகட்டும். "உனக்கு" என்று ஆரம்பித்திருக்கிறாயே! கடன்காரனுக்குக்கூட ஐயா என்று போடுவார்கள்.

பாப்பா அந்தக் கறுப்பு மைக்கைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அண்ணி சமைத்து மேஜையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து "சாப்பாடு ரெடி" என்கிறாள். மைக்செட்காரர் அடுத்த நிகழ்ச்சிக்கு வர ஒப்புக்கொண்டார். ஆனால், "அண்ணே, இனிமே விரலைக் காட்டாதீங்க. நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் உக்காருவேன்" என்கிறார். எல்லோருக்கும் துளிர்விட்டுவிட்டது.

வீடு அமைதியாக இருக்கிறதே என்று, தங்க மைக்கை வைத்துப் பதிவு செய்தேன். நீ சொன்ன திரை, துணி வளையம், எல்லாம் வைத்து. போட்டுக் கேட்டேன். மேல் ஸ்தாயியில் ஒரு நடுக்கம் கேட்கிறது. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் மூச்சு வாங்குகிறது, மாடிப்படி ஏறி வந்தவன் மாதிரி. பழைய மைக்கில் இதெல்லாம் இருந்ததில்லை. இது மைக்கின் கோளாறா? இதை மறைக்கிற மாதிரி வேறு மைக் இருக்கிறதா? தொழில்முறையில் கேட்கிறேன், பதில் சொல்.

தொண்டை டாக்டரைப் பார்க்கப் போனேன். ஆறாவது மாடி. லிப்டுக்குள் நாலைந்து பேர் கதவை மறித்துக்கொண்டு வளவளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீ பேசினாய். "கதவுகள் மூடுகின்றன. தயவுசெய்து விலகி நில்லுங்கள்." எல்லோரும் வாயை மூடிக்கொண்டு விலகினார்கள். நானும் விலகினேன். அத்தனை பேச்சிலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. யார் பதிவு செய்தார்களோ, ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

பாப்பாவிடம் சொல்லு

இல்லை, ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

மைக்கில் கோளாறு இல்லை. அதை மறைக்கிற மைக் எதுவும் கிடையாது. இத்தனை நாளும் உன்னை டிரம்மும் கைதட்டலும் காப்பாற்றின. டாக்டர் மாத்திரை கொடுத்திருப்பார், சாப்பிடு. மேல் ஸ்தாயியை விட்டுவிடு, வயசுக்கு ஏற்ற சுருதியில் பாடு. தொழில்முறைப் பதில் அவ்வளவுதான்.

நீ என்று எழுதுவது பழகிவிட்டது. இனி மாற்றுவதாக இல்லை.

பாப்பாவும் நானும் இங்கே ஒரு நூலகத்தின் மாடி மண்டபத்தில் பாடப் போகிறோம். கடை கடையாக ஏறி, ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் பாடி, கண்ணை மூடிக் கேட்டுத் தேர்ந்தெடுத்தோம். அவளுக்கு அந்தக் கறுப்பு மைக்தான். எனக்கும் அதே ஜாதிதான் பொருந்துகிறது என்று தெரிந்ததும் இரண்டு பேரும் கடையிலேயே சிரித்துவிட்டோம். மைக்செட்காரர் ரயிலேறி வருகிறேன் என்கிறார். "ஒரு தடவையாவது உங்களை முழுசா வெச்சுக் கேக்கணும்மா" என்றார். மேடை ஏறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ராத்திரியில் எழுந்து எழுந்து சரணத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். உன்னிடம் இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

உறையில் ஒரு சீட்டு இருக்கிறது. கடைசி வரிசை, ஓர நாற்காலி. மைக்செட்காரர் பக்கத்தில் உனக்கு இடம் இல்லை. ஒப்பனை அறைப் பக்கம் வராதே, பாப்பா பேச மாட்டாள், நானும் பேச மாட்டேன். பாட்டு முடிந்ததும் போய்விடு. எட்டியதா என்று மட்டும் எழுது. அதற்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமையை எடுத்துக்கொண்டவன் நீதானே.

தங்கச்சி


ஏப்ரல் 22

தங்கச்சிக்கு,

நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. நீ பார்த்துத்தான் போட்டிருப்பாய்.

இரண்டாவது பாட்டில் பாப்பா மைக்கின் தலையை மூடிப் பிடித்தாள். யாரிடம் கற்றுக்கொண்டாளோ! கண்டித்து வை. நீ ஆரம்பத்தில் தாளத்தை விட்டு ஓடினாய், பயத்தில். பிறகு நின்றுவிட்டாய். புடவை நிறம் எடுப்பாக இல்லை. மைக்செட்காரர் முழு நேரமும் கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது, தூசியாக இருக்கும்.

நீ கேட்டதற்குப் பதில். கடைசி வரிசையில் கேட்டது. மூடிய அறை, எட்டு வரிசைதான், இதில் என்ன பெருமை என்று நினைத்துக்கொண்டு நடுவில் எழுந்து படி இறங்கினேன். கீழே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் கேட்டது. வெளிக்கதவைத் தாண்டினேன். சாலையில் பஸ் போய்க்கொண்டிருந்தது. நீ தனியாகப் பாட எடுத்துக்கொண்டாயே அந்தப் பாட்டு, அது போகிறபோது தெருமுனை வரை நடந்து போய், பூட்டியிருந்த ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றேன். எங்கேயாவது ஓரிடத்தில் நின்றுவிடும் என்று பார்த்தேன்.

அங்கேயும் கேட்டது.

அண்ணன்